பழைய ஏர்கன்னைக் குறைந்த செலவில் சீராக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கன்னியாகுமரி மாவட்டத்தில் பழைய ஏர்கன்கள் பெரும்பாலும் இரண்டு இடங்களில் கிடைக்கும். ஒன்று, ஓட்டு வீடுகளின் மச்சு. இன்னொன்று, சுசீந்திரம் தேரோட்டம், மண்டைக்காட்டுக் கொடை, கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா என்று ஊர் ஊராகப் போகும் பலூன் சுடும் கடை. பாட்டாவின் துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களும் கடைக்காரர்களும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். அவற்றை அவர்கள் கேட்ட பேச்சிலேயே போட்டுப் பதில் எழுதியிருக்கிறேன். குழலை மடித்து ஏற்றுகிற ஸ்பிரிங் துப்பாக்கி பற்றி மட்டுமே இங்கே பேசுகிறேன். காற்று நிரப்பிய தொட்டி வைத்த புது வகைகளுக்கு இது பொருந்தாது.

பாட்டா வச்சிருந்த ஏர்கன் மச்சுல கெடக்கு. முப்பது வருசமா யாரும் தொடல. இனி வேலை செய்யுமா?

பெரும்பாலும் செய்யும். இந்த வகைத் துப்பாக்கியில் தேய்ந்து போகிற பாகங்கள் மிகக் குறைவு: பிஸ்டன் நுனியில் ஒரு தோல் வாஷர், குழல் மடிகிற இடத்தில் ஒரு சின்ன வாஷர், உள்ளே ஒரு ஸ்பிரிங். மற்றதெல்லாம் கனத்த இரும்பு. முப்பது வருடம் கிடந்தால் தோல் காய்ந்து சுருங்கியிருக்கும், எண்ணெய் பசையாகியிருக்கும், வெளியே துருப் பிடித்திருக்கும். மூன்றும் சரிசெய்யக் கூடியவை.

எடுத்தவுடனே ஏற்றிச் சுட்டுப் பார்க்க வேண்டாம். காய்ந்த தோல் அந்த ஒரே அடியில் பொடியாகிவிடும். முதலில் துடையுங்கள், குழலுக்குள் பழைய குண்டு அடைத்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள், பிறகு கீழே உள்ளவற்றைப் படியுங்கள்.

இதுக்கு லைசென்ஸ் வேணுமா அண்ணே? போலீஸ் கேட்டா என்ன சொல்ல?

2016ஆம் ஆண்டு ஆயுத விதிகளின்படி, குழல் விட்டம் 0.177 அங்குலத்துக்கும் (4.5 மி.மீ.) குண்டின் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத ஏர்கன்னுக்கு உரிமம் வேண்டாம். இரண்டில் ஒன்று மீறினாலும் உரிமம் வேண்டும். நம் பக்கத்து வீடுகளில் கிடக்கிற பெரும்பாலான துப்பாக்கிகள் 4.5 மி.மீ. வகைதான். ஆனால் 5.5 மி.மீ., அதாவது 0.22 அங்குலக் குழல் உள்ள பழைய துப்பாக்கிகளும் உண்டு. அவற்றை உரிமம் இல்லாமல் வைத்திருக்கக் கூடாது. பழுது பார்ப்பது அதற்குப் பிறகான பேச்சு.

எது என்று தெரிய, குழலின் பின்பக்கம் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள். எண் அழிந்திருந்தால் 4.5 மி.மீ. குண்டு ஒன்றைப் பின்பக்கமாக வைத்துப் பாருங்கள். அழுத்தினால்தான் உள்ளே போகும் என்றால் அது சரியான அளவு. கையை விட்டதும் வழுக்கி ஓடி மறுபக்கம் விழுந்தால் பெரிய குழல்.

பையில் போட்டு எடுத்துப் போங்கள். பஸ்ஸிலோ பைக்கிலோ வெளியே தெரியும்படி கொண்டுபோனால் பார்க்கிறவர்களுக்கு இது ஏர்கன் என்று தெரியாது. ரசீது இருந்தால் அதையும் உடன் வையுங்கள்.

உள்ளே காத்து எங்க நிக்கி?

எங்கும் நிற்பதில்லை. குழலை மடித்து இழுக்கும்போது பிஸ்டன் பின்னால் போய் ஸ்பிரிங்கை அழுத்துகிறது. ஒரு கொக்கி அதைப் பிடித்துக்கொள்கிறது. விசையை இழுத்ததும் கொக்கி விடுபட்டு, பிஸ்டன் முன்னால் பாய்கிறது. சிலிண்டரில் இருந்த சாதாரணக் காற்று நொடியில் நூறில் ஒரு பங்கு நேரத்துக்குள் நெருக்கப்பட்டுச் சூடாகி, ஒரு சிறு துளை வழியாகக் குண்டின் பின்னால் அடிக்கிறது.

இதைப் புரிந்துகொண்டால் பாதிப் பழுது தானாகவே விளங்கும். குண்டு இல்லாமல் சுட்டால் காற்றுக்குத் தடை இல்லை. பிஸ்டன் மெத்தை இல்லாமல் நேராக இரும்பில் போய் மோதும். வாஷர் நசுங்குவதும் ஸ்பிரிங் ஒடிவதும் பெரும்பாலும் இப்படித்தான். வீட்டுக்கு வந்த பிள்ளைகள் வெறுமனே "டப் டப்" என்று அடித்து விளையாடுவதை முதலில் நிறுத்துங்கள்.

கையில ஆயிரம் ரூவாதான் இருக்கு. முதல்ல எதுக்குச் செலவு பண்ணணும்?

காற்று கசியாமல் இருக்கிற பாகங்களுக்கு. பிஸ்டன் வாஷர், மடிப்பு வாஷர், சுத்தம் செய்ய மண்ணெண்ணெய், கொஞ்சம் கிரீஸ். இது சில நூறு ரூபாய்க்குள் முடிகிற வேலை. அதற்கும் மேல் தேவைப்பட்டால் ஸ்பிரிங். நல்ல குண்டு ஒரு டப்பா அடுத்தது. கட்டைக்குப் பாலீஷ், குழலுக்குப் புதுக் கறுப்பு, தொலைநோக்கி எல்லாம் கடைசி.

பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். கட்டையைப் பளபளப்பாக்கி, தொலைநோக்கி வாங்கி மாட்டிவிட்டு, "குண்டு பத்தடியில விழுது" என்று கொண்டுவருகிறார்கள். பழைய துப்பாக்கியிடம் நாம் எதிர்பார்க்க வேண்டியது ஒவ்வொரு குண்டும் ஒரே வேகத்தில் போவதுதான். அந்தச் சீர் இருந்தால் குறி தானே வரும். அது வாஷரிலும் திருகாணியிலும் இருக்கிறது.

வீட்டிலேயே கழட்டலாமா? ஸ்பிரிங் தெறிக்கும்னு சொல்லுதாங்களே?

தெறிக்கும். சிலிண்டருக்குள் ஸ்பிரிங் சும்மா இருக்கும்போதும் ஓரளவு அழுத்தத்தோடுதான் இருக்கிறது. சிலிண்டரின் பின்பக்கத்தை அடைத்திருக்கிற கட்டையைத் தாங்கும் ஆணியை வெறுங்கையால் தட்டி எடுத்தால் அந்தக் கட்டை முகத்துக்கு நேரே வரும். தச்சர்கள் பலகை ஒட்டும்போது பூட்டுகிற நீளமான கிளாம்பு ஒன்றை இரவல் வாங்குங்கள். துப்பாக்கியை அதில் நீளவாக்கில் பூட்டி, பின்கட்டையை ஒரு மரத்துண்டால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆணியை எடுங்கள். பிறகு கிளாம்பைப் பைய, சுற்றுச் சுற்றாகத் தளர்த்துங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். கிளாம்பு கிடைக்காவிட்டால் லேத் பட்டறையில் கொடுத்துக் கழற்றி வாங்குவது நல்லது. அதற்கு வாங்குகிற கூலி வீண் செலவு இல்லை.

ஒவ்வொரு பாகமும் வெளியே வரும்போது செல்போனில் படம் எடுங்கள். அகலமான தட்டில் பழைய வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் வேலை செய்யுங்கள். டயானா என்ற கம்பெனியின் சில மாடல்களில் விசைப் பகுதிக்குள் மூன்று சிறிய எஃகு உருண்டைகள் இருக்கும். அவை உருண்டு ஓடிவிட்டால் அன்றைய வேலை அதோடு நின்றது.

இன்னொரு ஆபத்து இதைவிடப் பெரியது, கழற்றாமலே நேரக் கூடியது. குழல் மடிந்து திறந்திருக்கும்போது விசை இழுபட்டால் குழல் மேலே பாய்ந்து மூடும். விரல் நடுவில் இருந்தால் அவ்வளவுதான், குழலும் வளைந்துபோகும். பழைய துப்பாக்கிகள் பெரும்பாலானவற்றில் இதைத் தடுக்கும் பூட்டு கிடையாது. குண்டு வைக்கும்போது மறு கையால் குழலை இறுகப் பிடித்திருக்க வேண்டும், விசைப் பக்கம் விரல் போகவே கூடாது. பலூன் கடையில் வேலை பார்க்கிற பையன்களுக்கு முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுங்கள்.

ஸ்பிரிங் நல்லாருக்கா இல்லியான்னு எப்படிக் கண்டுபிடிக்க?

ஏற்றும்போது நறநறவென்று சத்தம் வந்தால் ஒடிந்திருக்கலாம். ஒடிந்த ஸ்பிரிங்கும் குண்டைத் தள்ளும். அதனால்தான் பலருக்கு அது ஒடிந்ததே தெரிவதில்லை. வெளியே எடுத்ததும் கண்ணாடிப் பலகைமேல் உருட்டிப் பாருங்கள். நேராக உருண்டால் நல்லது. ஆடி ஆடி உருண்டால் வளைந்திருக்கிறது. அது சிலிண்டர் சுவரை உரசும், ஒவ்வொரு அடியும் வேறு மாதிரி வரும்.

புதிது வாங்கும்போது மூன்று அளவு வேண்டும்: கம்பியின் தடிமன், வெளிவிட்டம், சுருள்களின் எண்ணிக்கை. பழையதைக் கையோடு கொண்டுபோவது எல்லாவற்றிலும் நல்லது. நீளமாக இருந்தால் பலம் கூடும் என்று நினைத்து வாங்காதீர்கள். கம்பி 3 மி.மீ., சுருள் 32 என்றால் முழுக்க நெருங்கிய நிலையில் ஸ்பிரிங் 96 மி.மீ. இருக்கும். பிஸ்டன் முழுதாகப் பின்னால் போனபிறகு மிஞ்சுகிற இடம் அதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் கொக்கி பிடிக்கிற இடத்துக்குப் பிஸ்டன் வந்தே சேராது.

பைக்கின் ஸ்பிரிங்கை வெட்டிப் போடலாமா என்று கேட்பவர்கள் உண்டு. வேண்டாம். வெட்டிய முனை தட்டையாக உட்காராமல் பிஸ்டனை ஒரு பக்கமாகச் சாய்க்கும், சிலிண்டர் கீறிப்போகும்.

தோல் வாஷர் எங்கயும் கிடைக்கல. சைக்கிள் பம்பு வாஷர் போடலாமா?

விட்டம் பொருந்தினால் தாராளமாகப் போடலாம். தரையில் வைத்து அடிக்கிற பம்பின் தோல் வாஷரும் இதுவும் ஒரே கிண்ண வடிவம்தான். சிலிண்டருக்குள் விரலால் தள்ளினால் கொஞ்சம் இறுக்கமாக, ஆனால் மடங்காமல் போக வேண்டும்.

பொருந்தாவிட்டால் செய்துகொள்ளுங்கள், கடினமான வேலை இல்லை. செருப்பு தைப்பவரிடம் ஏறக்குறைய 3 மி.மீ. தடிமனுள்ள, மரப்பட்டையில் பதனிட்ட விறைப்பான தோல் துண்டு கேளுங்கள். பை தைக்கிற மெதுவான தோல் வடிவத்தில் நிற்காது. தோலைத் தண்ணீரில் ஊறவைத்து, சிலிண்டர் விட்டத்துக்குச் சரியாக ஒரு இரும்பு வளையமும் அதற்குள் போகிற மரக்கட்டையும் வைத்து, நடுவில் தோலைக் கொடுத்து அழுத்துங்கள். வளையத்தை லேத்தில் கடைந்து வாங்கலாம். அளவுக்குப் பொருந்துகிற பைப்புத் துண்டு கிடைத்தால் அதுவே போதும். அப்படியே நிழலில் காயவிடுங்கள். வெயிலில் வைத்தால் வெடிக்கும். காய்ந்தபின் விளிம்பைக் கூர்மையான கத்தியால் சமமாக வெட்டி, நடுவில் திருகாணிக்குத் துளை போடுங்கள்.

கடைசியாக விளக்கெண்ணெய். பழைய தோல் செருப்புக்கு நம் வீடுகளில் போடுவதும் அதுதான். தோலைப் பதமாக வைக்கும், சீக்கிரம் காய்ந்து பசையாகாது. ஒரு ராத்திரி ஊறவைத்து, வெளியே எடுத்துத் துணியால் நன்றாக ஒற்றிவிட்டு மாட்டுங்கள். ஒற்றாமல் மாட்டினால் என்ன ஆகும் என்பது புகை பற்றிய கேள்வியில் வருகிறது. இப்படிச் செய்த வாஷர் கடையில் வாங்குகிறதைவிடக் குறைந்தது இல்லை. என்னைக் கேட்டால் அளவுக்குச் செய்ததே மேல்.

நமக்குத்தான் ரப்பர் தோட்டம் உண்டுல்லா. ஷீட்டுல வெட்டி வாஷர் போட்டா என்ன?

குலசேகரம், அருமனைப் பக்கத்திலிருந்து இந்தக் கேள்வி வராத நாள் குறைவு. வேண்டாம். பால் உறையவைத்து எடுக்கிற இயற்கை ரப்பர் இயந்திர எண்ணெய் பட்டால் ஊதிவிடும். மாட்டிய அன்று கச்சிதமாக இருக்கும். பிறகு வீங்கி, பிஸ்டனைப் பிடித்து நிறுத்தும், இல்லையென்றால் கிழிந்து துண்டு துண்டாகக் காற்றுத் துளையை அடைக்கும்.

மடிப்பு வாஷருக்கு மட்டும் ரப்பர் வகை போடலாம், ஆனால் நைட்ரைல் ரப்பரில் செய்த ஓ ரிங். அது எண்ணெய்க்குத் தாங்கும். பம்பு செட் உதிரிபாகம், பேரிங் விற்கிற கடைகளில் எல்லா அளவிலும் கிடைக்கிறது, விலையும் மிகக் குறைவு.

தேங்காயெண்ணெய் விடலாமா? வீட்டுல வேற எண்ணெய் இல்ல.

எந்தச் சமையல் எண்ணெயும் வேண்டாம். நல்லெண்ணெய் காற்றுப் பட்டுப் பசையாகும். தேங்காயெண்ணெய் நாள்பட்டால் சிக்கு வாடை அடிக்கும். அப்போது உண்டாகிற அமிலம் பித்தளைப் பாகங்களைப் பச்சை பிடிக்கச் செய்யும். மார்கழிக் குளிரில் பேச்சிப்பாறைப் பக்கம் அது உறைந்தும் போகும்.

குழல் மடிகிற அச்சு, ஏற்றும் கை, விசை ஆகியவற்றுக்குத் தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு. ஸ்பிரிங்குக்குக் கிரீஸ், விரலால் தடவி வழித்த அளவு. தோல் வாஷருக்கு முந்திய கேள்வியில் சொன்ன விளக்கெண்ணெய், மாட்டுவதற்கு முன்பு மட்டும். பிறகு தோல் காய்ந்து அடி பலமிழக்கும்போது காற்றுத் துளை வழியாக ஒரே ஒரு சொட்டு விட்டு, துப்பாக்கியை நிமிர்த்தி ஒரு ராத்திரி வையுங்கள்.

எண்ணெய் விட்ட பெறவு சுட்டா பெரிய சத்தம், வாயில பொகை. பலம் கூடிட்டா?

இல்லை, உள்ளே எண்ணெய் எரிகிறது. நெருக்கப்பட்ட காற்றின் சூட்டில் டீசல் என்ஜினில் நடப்பதுதான் இங்கும் நடக்கிறது. அந்த வெடிப்பு பிஸ்டனைத் திருப்பி அடிக்கும். தோல் கருகும், ஸ்பிரிங் ஒடியும், குண்டின் வேகம் ஒவ்வொரு அடிக்கும் மாறும். இப்படி வேண்டுமென்றே பெட்ரோல் கலந்த எண்ணெய் விட்டுச் சத்தம் காட்டுகிறவர்கள் உண்டு. நல்ல துப்பாக்கியைக் கெடுக்க அதைவிட விரைவான வழி கிடையாது.

எண்ணெய் கூடிப்போனால் குழல் வாயைக் கீழே பார்த்தபடி ஒரு நாள் தொங்கவிடுங்கள். அதன்பின் முதல் சில அடிகளுக்கு லேசான புகை வந்தால் கவலை இல்லை.

வாஷர் மாத்தியாச்சு, ஸ்பிரிங்கும் புதுசு. அப்பமும் பலம் இல்ல. என்ன காரணம்?

மடிப்பில் கசிகிறது. குழலை மூடி, குண்டு வைத்து, மடிப்பு இணைகிற இடத்தின்மேல் முகத்துக்குப் போடுகிற பவுடரை மெல்லிசாகத் தூவி, பாதுகாப்பான திசையில் சுடுங்கள். பவுடர் பறந்தால் காற்று அங்கே போகிறது. மெல்லிய தாளைக் கீற்றாகக் கிழித்து வைத்தும் பார்க்கலாம்.

ஓ ரிங் அதன் குழியிலிருந்து கொஞ்சம் வெளியே துருத்தியிருக்க வேண்டும். குழல் மூடும்போது நசுங்கினால்தான் அடைக்கும். குழி ஆழமாகிவிட்டிருந்தால் அடியில் மெல்லிய தாளையோ தோலையோ வளையமாக வெட்டிப் போட்டு உயர்த்துங்கள். பிறகு அச்சு ஆணியைப் பாருங்கள். ஏற்றியபின் குழலைப் பாதியில் விட்டால் அது அங்கேயே நிற்க வேண்டும். தன் கனத்தில் தொங்கினால் ஆணி தளர்ந்திருக்கிறது. ஒரு திருகு முறுக்குவதில் தீர்கிற பழுது இது, ஆனால் பலர் இதற்காக இரண்டாவது ஸ்பிரிங் வாங்கிவிடுகிறார்கள்.

வெளியே முழுக்கத் துரு. கடற்கரை வீடு. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கட்டா?

வேண்டாம். உப்புத்தாள் துருவோடு சேர்த்துப் பொறித்த எழுத்தையும் எண்ணையும் எடுத்துவிடும். மண்ணெண்ணெயில் ஒரு நாள் ஊறவைத்துப் பித்தளைக் கம்பி பிரஷ்ஷால் தேயுங்கள். புளி, வினிகர் போன்றவையும் துருவை எடுக்கும், ஆனால் மிச்சமிருக்கிற கறுப்புப் பூச்சையும் சேர்த்து எடுக்கும். இடுக்கில் தங்கினால் அந்த அமிலமே அடுத்த துருவைத் தொடங்கும்.

காசில்லாமல் கறுப்பு ஏற்ற ஒரு பழைய முறை உண்டு. துப்பாக்கிக் கொல்லர்கள் நெடுங்காலமாகச் செய்துவருவது. மெல்லிய சிவப்புத் துரு படிந்த குழலை எண்ணெய்ப் பசை துளியும் இல்லாமல் சோப்பில் கழுவி, மழைத் தண்ணீரில் அரை மணி நேரம் கொதிக்கவையுங்கள். குழலின் இரு முனைகளிலும் மரத்தக்கை அடைத்துவிட வேண்டும். சிவப்புத் துரு கொதியில் கறுப்பு இரும்பு ஆக்சைடாக மாறி, வெல்வெட் மாதிரி படியும். எண்ணெய் இல்லாத மிக நைசான இரும்புக் கம்பளியால் மெல்லத் துடைத்தால் அடியில் கறுப்பு ஒட்டியிருக்கும். இதையே இரண்டு மூன்று தடவை செய்தால் ஆழம் கூடும். முடிந்ததும் சூடாக இருக்கும்போதே எண்ணெய் பூசுங்கள். கிணற்றுத் தண்ணீரின் உப்பு கறை போடும் என்பதால்தான் மழைத் தண்ணீர் என்றேன். நமக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டு மழையும் கிடைக்கிறது, பிடித்து வைப்பது எளிது. கொதிக்கவைத்த பாத்திரத்தைத் திரும்ப அடுக்களைக்குக் கொண்டுபோகாதீர்கள்.

குழலுக்கு உள்ளே எப்படிச் சுத்தம் செய்ய? கம்பி விடலாமா?

இரும்புக் கம்பி விடக் கூடாது. குண்டைச் சுழலவைக்க உள்ளே வெட்டியிருக்கிற முறுக்குக் கோடுகள் கீறிப்போகும். மீன் பிடிக்கிற தடித்த தங்கூசியை, அதாவது நைலான் நரம்பை, இரட்டையாக மடித்து, மடிப்பில் சின்னத் துணித்துண்டு கோத்து, பின்பக்கத்திலிருந்து வாய்ப்பக்கமாக இழுங்கள். முதலில் மண்ணெண்ணெய் நனைத்த துணி, பிறகு உலர்ந்த துணி, வெள்ளையாக வரும்வரை. குளச்சலிலோ முட்டத்திலோ வலைக்காரர்கள் வெட்டிப்போட்ட துண்டே போதும்.

கட்டை வெடிச்சிருக்கு. புதுசு செய்யணுமா, ஒட்டினா போதுமா?

கைப்பிடி மெலிகிற இடத்தில் வெடிப்பு இருந்தால் ஒட்டலாம். வெடிப்பைக் கொஞ்சம் விரித்து, இரண்டு பொருள் கலக்கிற எபாக்சிப் பசையை உள்ளே செலுத்தி, சைக்கிள் டியூபால் சுற்றி இறுக்கி ஒரு நாள் வையுங்கள். குறுக்கே ஒரு மரக்குச்சி ஆணி அடித்தால் உறுதி. எண்ணெய் ஊறிய மரத்தில் பசை பிடிக்காது, முதலில் தின்னரால் கழுவுங்கள்.

இரண்டாகப் போயிருந்தால் புதிது. நம் தச்சர்களுக்கு அயினி மரம் நன்றாகப் பழக்கம். வள்ளம் செய்கிற மரம், உப்புக்காற்றுக்கு அஞ்சாது. நன்றாக உலர்ந்த அயினியோ பலாவோ போதும். தேக்கு இருந்தால் நல்லது, ஈட்டி வீண் செலவு. கட்டைத் திருகாணிகள் ஒவ்வொரு அடியின் அதிர்விலும் தளரும். அடியில் பல் வாஷர் போட்டு, வாரம் ஒருமுறை இறுக்குங்கள்.

எந்தக் குண்டு நல்லது? சைக்கிள் பால்ஸ் போட்டுச் சுடுதாங்களே?

முறுக்குக் கோடு உள்ள குழலில் எஃகு உருண்டை போடவே கூடாது. கோடு தேயும், காற்று பக்கவாட்டில் ஓடும், பட்ட இடத்திலிருந்து திரும்பி வந்து கண்ணில் அடிக்கும். இடுப்பு ஒடுங்கிய ஈயக் குண்டுதான் வேண்டும். பத்து மீட்டர் தாள் குறிக்குத் தட்டைத்தலை, அதற்கு மேல் தூரத்துக்கு உருண்டைத்தலை. ஒரு முறை சுட்டுச் சப்பிய குண்டைத் திரும்பப் பொறுக்கி வைக்காதீர்கள். ஈயம் நஞ்சு, கை கழுவாமல் சாப்பிட வேண்டாம், குண்டை வாயில் ஒதுக்கி வைக்கிற பழக்கம் உள்ளவர்கள் உடனே விட வேண்டும்.

திருவிழாக் கடையில குறி வச்சா தப்புதே. வேணும்னே வளைச்சு வைக்காங்களா?

அப்படிச் செய்கிறவர் எங்காவது இருக்கலாம். நான் பார்த்த கடைத் துப்பாக்கிகளில் காரணம் வேறு: தளர்ந்த அச்சு ஆணி, கீழே விழுந்து நசுங்கிய குழல் வாய், சாய்ந்துபோன முன்குறி. குழல் வாயின் விளிம்பில் சின்னப் பள்ளம் இருந்தாலும் குண்டு வெளியேறும் நொடியில் காற்று ஒரு பக்கமாகத் தள்ளும். அதை லேத்தில் ஒரு மி.மீ. சீவிச் சமமாக்கலாம், மலிவான வேலை.

கடைக்காரர்களிடம் சொல்வது இது: ஆடுகிறவருக்குக் குறி விழுந்தால்தான் அடுத்த பத்துக் குண்டுக்குக் காசு எடுப்பார். துப்பாக்கியைச் சீராக வைப்பது உங்கள் தொழிலுக்கும் நல்லது.

கடற்கரையில கடை போடுதோம். ஒரு சீசனுக்குள்ள வாஷர் போயிருது. ஏன்?

மணல். மணவாளக்குறிச்சிப் பக்கக் கடல் மணலில் இல்மனைட், சிர்கான் ஆகியவற்றோடு கார்னெட்டும் இருக்கிறது. உப்புத்தாளில் ஒட்டுகிற அராவுபொருள்களில் அதுவும் ஒன்று. எண்ணெய் ஈரத்தில் அது ஒட்டிக்கொண்டு சிலிண்டருக்குள் போனால் ஒவ்வொரு அடியும் சுவரை அராவும். துப்பாக்கியை மணலில் சாய்த்து வைக்காதீர்கள், மேசைமேல் துணி விரித்து வையுங்கள். வெளிப்பக்கம் எண்ணெய் சொட்டச் சொட்டப் பூசுவதும் தவறு. துடைத்தபின் கையில் ஒட்டாத அளவு போதும். இரவு மூடுமுன் நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உப்பைத் துடைத்து, உலர்ந்த துணி, பிறகு எண்ணெய்த் துணி. இந்த மூன்று துணியும் கடையில் இருந்தால் வாஷர் பல மடங்கு உழைக்கும்.

பலத்தைக் கூட்ட முடியுமா? கடினமான ஸ்பிரிங் போட்டா?

கூட்ட வேண்டாம். பழைய சிலிண்டரும் தோலும் ஒரு குறிப்பிட்ட அடிக்குச் செய்தவை. கடினமான ஸ்பிரிங் போட்டால் பிஸ்டன் மோதித் திரும்பி எழும், துப்பாக்கி குதிக்கும், குறி கெடும், கட்டை வெடிக்கும். 20 ஜூல் எல்லை பற்றி மேலே சொன்னதையும் மறக்காதீர்கள். பத்து மீட்டர் போட்டிகளில் 0.53 கிராம் குண்டு நொடிக்கு 175 மீட்டர் வேகத்தில், ஏறக்குறைய 8 ஜூலில்தான் போகிறது. அந்தக் குறியின் நடுப்புள்ளி வெறும் அரை மில்லிமீட்டர். அதற்கே அந்த ஆற்றல் போதுமானால் பலூனுக்கும் டப்பாவுக்கும் என்ன குறை?

வேகம் அளக்கிற மெஷின் விலை கூடுதல். வேற வழி உண்டா?

செல்போன் போதும். சரியாகப் பத்து மீட்டர் தூரத்தில் பழைய துணி திணித்த அட்டைப்பெட்டி வையுங்கள். போனைத் துப்பாக்கிக்குப் பக்கத்தில் வைத்து ஒலிப்பதிவு செய்யுங்கள். ஒலி அலையைக் காட்டும் இலவசச் செயலியில் திறந்தால் சுட்ட சத்தமும் பெட்டியில் பட்ட சத்தமும் இரண்டு முகடுகளாகத் தெரியும். இடைவெளி 100 மில்லிநொடி என்று வைத்துக்கொள்வோம். பட்ட சத்தம் பத்து மீட்டர் திரும்பி வர, நம் வெப்பநிலையில் சுமார் 29 மில்லிநொடி. அதைக் கழித்தால் குண்டு பறந்தது 71 மில்லிநொடி. பத்தை 0.071ஆல் வகுத்தால் நொடிக்குச் சுமார் 140 மீட்டர். அரை கிராம் குண்டுக்கு இது ஏறக்குறைய 5 ஜூல். பழைய துப்பாக்கிக்குக் குறையில்லை.

எண்ணைவிட ஒப்பீடுதான் முக்கியம். ஐந்து தடவை சுட்டுப் பதியுங்கள். இடைவெளிகள் நெருக்கமாக இருந்தால் வேலை முடிந்தது. ஒன்றுக்கொன்று 5 மில்லிநொடிக்கு மேல் ஏறி இறங்கினால் மடிப்பு, வாஷர், எண்ணெய் என்ற வரிசையில் திரும்பப் பாருங்கள்.

சரியாக்கின பெறவு வயல்ல கொக்கு, காக்கா சுடலாமா? பாட்டா சுட்டதுண்டே.

கூடாது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம். துப்பாக்கிக்கு உரிமம் வேண்டாம் என்பது சுடுவதற்கு அனுமதி ஆகாது. சுசீந்திரம்–தேரூர் குளங்கள் 2022இல், உலக அளவில் முக்கியமான நீர்நிலைகளின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தவை. தொலைவிலிருந்து வந்து அங்கே இறங்குகிற பறவைகள் பக்கத்து வயல்களிலும்தான் மேய்கின்றன. தென்னையில் ஏறுகிற குரங்குக்கும் இதே பதில். ஈயக் குண்டு பெரும்பாலும் உடனே கொல்லாது. காயத்தோடு பறந்துபோய்ப் பல நாள் துடித்துச் சாகும். பறவையைச் சுட என்று சொல்லிக் கொண்டுவருகிற துப்பாக்கியை நான் தொடுவதில்லை.

எப்பம் இது தேறாதுன்னு விடணும்?

சிலிண்டர் உள்சுவரில் விரல்நகம் மாட்டுகிற அளவு ஆழமான கீறலோ துருக்குழியோ இருந்து, அது பிஸ்டன் ஓடுகிற முன்பகுதியிலும் இருந்தால் எந்த வாஷரும் நிற்காது. ஆழம் குறைவென்றால் லேத்தில் உள்ளே தேய்த்து, அந்தப் புது விட்டத்துக்குத் தோல் வாஷர் செய்து போடலாம். கையால் செய்கிற வாஷரின் பெரிய நன்மை இதுதான். கொக்கியின் பல் தேய்ந்து, ஏற்றி வைத்த துப்பாக்கி லேசாகத் தட்டினாலே தானாகச் சுட்டால் அதைப் பயன்படுத்தவே வேண்டாம். அராவிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள். கொக்கியின் மேற்பரப்பு மட்டும்தான் கடினமாக்கப்பட்டது, அராவினால் அடியில் மெதுவான இரும்பு வந்து இன்னும் சீக்கிரம் வழுக்கும். அதே மாடலில் வேறொரு செத்த துப்பாக்கியை எடைக்குப் பேசி வாங்கி, அதன் கொக்கியை எடுத்து மாட்டலாம். அதுவும் கிடைக்காவிட்டால் ஸ்பிரிங்கை வெளியே எடுத்துவிட்டு, துடைத்து எண்ணெய் பூசி, பாட்டாவின் படத்துக்குக் கீழே சுவரில் மாட்டுங்கள்.